ரெக்கார்டிங்கில் கம்ப்ரஸர்: எங்கே வைப்பது, எவ்வளவு திருகுவது

குரல் ரெக்கார்ட் செய்யத் தொடங்கும் எவரும் சீக்கிரமே இந்தத் தொல்லையில் வந்து நிற்பார்கள்: ஒரு சொல் காதைக் கிழிக்கிறது, அடுத்த சொல் காதிலேயே விழவில்லை. வால்யூமைக் கூட்டினால் முன்னது உதைக்கிறது, குறைத்தால் பின்னது காணாமல் போகிறது. யாரைக் கேட்டாலும் "கம்ப்ரஸர் போடுங்க" என்பார்கள். போட்டுப் பார்த்தால் ஆறேழு குமிழ்கள். ஒன்றைத் திருகினால் சத்தம் குறைகிறது, இன்னொன்றைத் திருகினால் எதுவுமே மாறியதாகத் தெரியவில்லை, கடைசியில் ஏதோ ஒரு ரெடிமேட் செட்டிங்கைத் தேர்ந்தெடுத்துவிட்டு எழுந்துவிடுகிறோம்.

அந்தக் குமிழ்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அதற்கு முன்னால் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். ரெக்கார்ட் ஆகும் நேரத்தில் கம்ப்ரஸர் எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ரெக்கார்ட் ஆன பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் அமுக்கலாம், பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம். அமுக்கியபடியே பதிவான குரலைப் பழைய நிலைக்கு முழுசாகக் கொண்டுவர வழி கிடையாது.

அது செய்யும் வேலை

கம்ப்ரஸர் என்பது தானாக இயங்கும் வால்யூம் குமிழ், அவ்வளவுதான். நீங்கள் பேசும்போது பக்கத்தில் ஒருவர் ஃபேடரில், அதாவது வால்யூமை ஏற்றி இறக்கும் நழுவு குமிழில், விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நீங்கள் குரலை உயர்த்தும்போதெல்லாம் கொஞ்சம் இறக்குகிறார், தணிந்ததும் பழைய இடத்துக்கே ஏற்றிவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த அளவைத் தாண்டினால் கை வைப்பது என்பது த்ரெஷோல்ட். எவ்வளவு இறக்குவது என்பது ரேஷியோ. எத்தனை சுறுசுறுப்பாக இறக்குவது என்பது அட்டாக், எத்தனை நிதானமாகத் திரும்ப ஏற்றுவது என்பது ரிலீஸ். எல்லாம் முடிந்தபின் மொத்தத்தையும் தூக்கிவிடுவது மேக்கப் கெயின்.

சின்னச் சத்தத்தை இது தூக்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தூக்குவதில்லை. பெரியதை இறக்குகிறது, அப்புறம் நாம்தான் எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்குகிறோம். எல்லாவற்றையும் என்றால் ஃபேன் சத்தத்தையும் சேர்த்துத்தான். இதை மறக்காதீர்கள், பின்னால் தேவைப்படும்.

உடைந்த சத்தத்தை இது காப்பாற்றாது

புதிதாக வருபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. லெவல் சிவப்பைத் தொட்டுச் சத்தம் உடைகிறது, அதாவது க்ளிப் ஆகிறது. உடனே மென்பொருளில் அந்த ட்ராக்கின் மேல் ஒரு கம்ப்ரஸர் ப்ளக்-இன் போடுகிறார்கள், மீட்டர் அடங்கிவிடுகிறது, ஆனால் கேட்டால் கரகரப்பு அப்படியே இருக்கிறது. ஏன் என்று தெரிய, சத்தம் போகும் வழியைப் பார்த்தால் போதும். மைக்கிலிருந்து அதன் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப், ப்ரீஆம்ப்பிலிருந்து டிஜிட்டலாக மாற்றும் கன்வெர்ட்டர், அதன் பிறகுதான் கணினி. சத்தத்தின் அளவை டெசிபலில் சொல்வார்கள், கன்வெர்ட்டருக்கு மேல் எல்லை 0 டெசிபல், அதற்குக் கீழே உள்ளதெல்லாம் மைனஸ் எண். அதற்கு மேல் வந்ததை அது வெட்டி எறிந்துவிடும். ப்ளக்-இன் கையில் கிடைப்பது ஏற்கெனவே வெட்டுப்பட்ட அலை. அதை இறக்கினால் சின்னதாக வெட்டுப்பட்ட அலை கிடைக்கும், வேறென்ன.

ஆகவே கம்ப்ரஸர் உட்காரக்கூடிய இடங்கள் மூன்று. ஒன்று, ப்ரீஆம்ப்புக்கும் கன்வெர்ட்டருக்கும் நடுவே தனிப் பெட்டியாக. கன்வெர்ட்டர் க்ளிப் ஆகாமல் ஓரளவு காப்பாற்றக்கூடியது இது மட்டும்தான். இரண்டாவது, மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸ், அவற்றில் சிலவற்றுக்குள்ளேயே ஓடும் டிஜிட்டல் கம்ப்ரஸர். இது பெரும்பாலும் கன்வெர்ட்டருக்குப் பின்னால்தான் இருக்கும், எனவே க்ளிப்பைத் தடுக்காது. ஆனால் அது அமுக்கிய சத்தம் அப்படியே ஃபைலில் பதிவாகலாம், அல்லது உங்கள் ஹெட்ஃபோனுக்கு மட்டும் போகலாம். எது என்பதை இன்டர்ஃபேஸோடு வந்த மிக்ஸர் திரையில் பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு வரி பேசி ரெக்கார்ட் செய்து, கம்ப்ரஸரை அணைத்துவிட்டுப் போட்டுக் கேளுங்கள், தெரிந்துவிடும். மூன்றாவது இடம் ரெக்கார்டிங் மென்பொருளின் ட்ராக். அங்கே போடும் ப்ளக்-இன் நீங்கள் கேட்பதை மாற்றும். பதிவாகும் ஃபைல் பொதுவாக அமுக்கப்படாமல்தான் இருக்கும்.

டேப்பில் பதிவு செய்த காலத்தில் ரெக்கார்டிங்கின்போதே அமுக்குவதற்கு நியாயமான காரணம் இருந்தது. டேப்புக்கு என்று ஒரு இரைச்சல் உண்டு, லெவல் குறைவாகப் பதிந்தால் சத்தம் அந்த இரைச்சலில் மூழ்கிவிடும், அதனால் எல்லாவற்றையும் மேலே வைத்தே பதிய வேண்டியிருந்தது. டிஜிட்டலில் அப்படியில்லை: இரைச்சலுக்கும் உச்சத்துக்கும் நடுவே 16 பிட்டில் காகிதக் கணக்குப்படி சுமார் 96 டெசிபல் இடம், 24 பிட்டில் சுமார் 144. உண்மையான கன்வெர்ட்டர்கள் அந்த 144 வரை போவதில்லைதான், ஆனாலும் ஒரு சாதாரண அறையின் இரைச்சலோடு ஒப்பிட்டால் கிடைப்பதே தாராளம். அதனால் 24 பிட்டில் வைத்துவிட்டு, லெவலைத் தாழ்வாகவே பதியுங்கள். மிக உரக்கப் பேசும் இடத்தில் மீட்டர் −12க்கும் −6க்கும் நடுவே நின்றால் போதும். 32 பிட் ஃப்ளோட்டில் பதியும் ரெக்கார்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையும் அநேகமாகக் கிடையாது, மைக்கே தாங்காத அளவுக்குக் கத்தினால் தவிர.

கம்ப்ரஸரைத் திறக்கும் முன்

மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம்தான் முதல் கம்ப்ரஸர். தூரம் இரட்டிப்பானால் நேரடிச் சத்தம் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். ஒரு சாணில் உட்கார்ந்து பேசுபவர் நாற்காலியில் சாய்ந்து இரண்டு சாணுக்குப் போனால் அவ்வளவு இறங்கிவிட்டது என்று அர்த்தம். கூடவே அறையின் எதிரொலி முன்னால் வந்துவிடும், அதை எந்தக் கம்ப்ரஸரும் பின்னுக்குத் தள்ளாது, இன்னும் முன்னால் இழுத்துத்தான் விடும். ஆகவே ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்து, உரக்கச் சொல்லும் வரியில் தலையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, ரகசியம் போலச் சொல்லும் வரியில் கொஞ்சம் முன்னுக்கு வரப் பழகுங்கள். மேடைப் பாடகர்கள் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு இதைத்தான் செய்கிறார்கள்.

ப்ரீஆம்ப் எவ்வளவு பெருக்க வேண்டும் என்ற கெயின் குமிழை வைக்கும்போது "ஹலோ, செக், ஒன் டூ த்ரீ" என்று சொல்லாதீர்கள். அந்தக் குரலில் யாரும் கதை படிப்பதில்லை. நீங்கள் பதியப்போகும் பகுதியில் மிகவும் உரக்க வரும் வரி எதுவோ அதை, நிஜமாகவே அந்த உணர்ச்சியோடு சொல்லி, அப்போது −10 பக்கம் நிற்கும்படி வையுங்கள்.

அப்புறம் மைக்கிலோ ப்ரீஆம்ப்பிலோ அடிச்சத்தத்தை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் இருந்தால் பேச்சுக்கு 80 ஹெர்ட்ஸ் பக்கம் போட்டுவிடுங்கள். அங்கே இல்லாவிட்டால், பின்னால் மென்பொருளில் கம்ப்ரஸருக்கு முன்னால் போடலாம். காரணம் இருக்கிறது. "பத்து", "பாட்டி" என்று ப-வில் தொடங்கும் சொற்களில் உதடு திறக்கும்போது மைக்கில் காற்று மோதும். காதுக்கு அது "தொம்" என்ற அடிச்சத்தம், கம்ப்ரஸருக்கு அது பெரிய சத்தம், அவ்வளவுதான். உடனே அது வால்யூமை இறக்கும், அடுத்து வரும் "த்து"வும் "ட்டி"யும் பள்ளத்தில் விழும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்தாலே இதில் பாதி சரியாகிவிடும்.

ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு

"நான் அப்போதே சொன்னேன், யாருமே கேட்கவில்லை." இதை ஒருவர் கொஞ்சம் ஆதங்கத்தோடு சொல்கிறார் என்று வையுங்கள். "சொன்னேன்" −12ல் நிற்கிறது. "யாருமே" பாய்ந்து −6ஐத் தொடுகிறது. மூச்சு தீர்ந்து "கேட்கவில்லை" −22க்கு இறங்கிவிடுகிறது. தமிழ் பேசுபவர்களுக்கு இது தீராத தலைவலி: நம் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில்தான் வரும், "இல்லை"யும் கடைசியில்தான் வரும், குரலும் அங்கேதான் இறங்கும். கேட்டார்களா கேட்கவில்லையா என்பதே காதில் விழாமல் போய்விடும்.

த்ரெஷோல்ட்டை −18ல் வைத்து, ரேஷியோவை 3:1 என்று வைப்போம். 3:1 என்றால், த்ரெஷோல்ட்டுக்கு மேலே ஏறும் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் 1 டெசிபல்தான் வெளியே வரும். "யாருமே" த்ரெஷோல்ட்டை 12 டெசிபல் தாண்டியது. அது 4 ஆகச் சுருங்கும், அதாவது −6ல் இருந்தது −14க்கு வந்துவிடும். "சொன்னேன்" 6 தாண்டியது, 2 ஆகும், −16ல் நிற்கும். "கேட்கவில்லை" த்ரெஷோல்ட்டுக்குக் கீழேயே இருப்பதால் கம்ப்ரஸர் அதைத் தொடாது, −22 அப்படியே. முதலில் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் நடுவே 16 டெசிபல் இடைவெளி இருந்தது, இப்போது 8. மேக்கப் கெயினை 6 வைத்தால் மூன்று சொற்களும் −10, −8, −16 என்று வந்து நிற்கும். "கேட்கவில்லை" இப்போது கேட்கும். (நடைமுறையில் அட்டாக், ரிலீஸ் நேரத்தைப் பொறுத்து இந்தக் கணக்கு கொஞ்சம் முன்பின் ஆகும், கம்ப்ரஸர் ஒவ்வொரு சொல்லையும் அளந்து பார்த்து அமுக்குவதில்லை.)

இதில் ஒன்று தெளிவாகும். த்ரெஷோல்ட் −18 என்ற எண்ணுக்குத் தனியாக எந்த மதிப்பும் கிடையாது. உங்கள் குரல் −30க்கு மேல் வராமல் பதிவாகியிருந்தால் அதே −18ல் கம்ப்ரஸர் தூங்கிக்கொண்டிருக்கும். அடுத்தவருடைய செட்டிங்கை அப்படியே எழுதி வைத்துக்கொண்டு போட்டால் வேலைக்கு ஆகாமல் போவது இதனால்தான். எண்ணைப் பார்க்காமல் கெயின் ரிடக்‌ஷன் மீட்டரைப் பாருங்கள், எத்தனை டெசிபல் இறங்குகிறது என்று காட்டும் பட்டையோ முள்ளோ இருக்கும். பேச்சுக்கு, உரத்த சொற்களில் 3 முதல் 6 வரை இறங்கி, இடைவெளிகளில் பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். பூஜ்யத்துக்குத் திரும்பவே இல்லை என்றால் த்ரெஷோல்ட் ரொம்பக் கீழே இருக்கிறது, அல்லது ரிலீஸ் ரொம்ப நீளம்.

அட்டாக்கும் ரிலீஸும்

த்ரெஷோல்டும் ரேஷியோவும் கணக்கு. இவை இரண்டும் காது. மிதமான அமுக்கலில் இவற்றைத் திருகிப் பார்த்தால் புதிய காதுக்கு வித்தியாசமே தெரியாது, அதனால்தான் பலர் இவற்றைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள். தெரிய வேண்டுமென்றால் முதலில் வேண்டுமென்றே கெடுக்க வேண்டும்.

ரேஷியோவை 10:1 அல்லது அதற்கு மேல் வைத்து, மீட்டரில் 15 டெசிபல் இறங்கும்வரை த்ரெஷோல்ட்டைத் தாழ்த்துங்கள். குரல் நசுங்கி அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும். இப்போது வல்லின இரட்டை எழுத்துகள் நிறைந்த ஒரு வரியை ரெக்கார்ட் செய்து சுற்றிச் சுற்றி ஓடவிடுங்கள். "பட்டப்பகலில் கொட்டும் மழையில் தட்டுத்தடுமாறிப் போனான்" மாதிரி ஒன்று. அட்டாக்கை 0.1 மில்லி செகண்டுக்குக் கொண்டுபோங்கள்: "ட்ட", "ப்ப" எல்லாம் மழுங்கி, பேசுபவர் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல ஆகிவிடும். அங்கிருந்து மெதுவாகக் கூட்டிக்கொண்டே வாருங்கள். 5, 10, 20 என்று போகப் போக அந்த எழுத்துகளின் முனை திரும்ப வரும். 50க்கு மேல் போனால் ஒவ்வொரு சொல்லின் தலையும் துள்ளிக்கொண்டு தனியாகத் தெரியும், ஏனென்றால் தலை முழுதாக வெளியே போன பிறகுதான் கம்ப்ரஸர் வந்து சேருகிறது. முனை தெளிவாக இருந்து, ஆனால் துள்ளாத இடம் எதுவோ அங்கே நிறுத்துங்கள். பேச்சுக்கு அது பெரும்பாலும் 5க்கும் 20க்கும் நடுவில் வரும்.

அடுத்து ரிலீஸ். இதற்கு வரிக்கு நடுவே சிறு இடைவெளி இருக்க வேண்டும். ரிலீஸ் மிக நீளமாக, ஒரு செகண்ட் என்று இருந்தால், உரத்த சொல்லுக்குப் பின்னால் வரும் இரண்டு மூன்று சொற்கள் அமுங்கியே கிடக்கும். நம் வரியில் "யாருமே" செய்த குற்றத்துக்கு "கேட்கவில்லை" தண்டனை அனுபவிக்கும். மிகக் குறுகலாக, 10 மில்லி செகண்ட் என்று வைத்தால், ஒவ்வொரு அசைக்கும் நடுவே பின்னணி இரைச்சல் புஸ்ஸென்று எழுந்து அடங்கும், மூச்சு சத்தம் பேச்சுக்குச் சமமாக வரும், கனமான குரலில் ஒரு கரகரப்பும் சேரும். அந்தக் கரகரப்புக்குக் காரணம் எளிது: 100 ஹெர்ட்ஸ் அலை ஒருமுறை மேலே போய்க் கீழே வர 10 மில்லி செகண்ட் ஆகிறது, ரிலீஸ் அதைவிட வேகமாக இருந்தால் கம்ப்ரஸர் குரலின் ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டு அலையையே கிள்ள ஆரம்பித்துவிடும். 60 முதல் 150 வரை பேச்சுக்குச் சரியாக வரும். மீட்டரைப் பார்த்துக்கொண்டே செய்தால் இன்னும் சுலபம். முள் பேச்சின் தாளத்தோடு சேர்ந்து ஆட வேண்டும், அடுத்த சொற்றொடர் தொடங்குவதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

இரண்டும் அமைந்த பிறகு ரேஷியோவை 2:1 அல்லது 3:1க்கு இறக்கி, த்ரெஷோல்ட்டை மேலே ஏற்றி, மீட்டர் 3 முதல் 6 வரை மட்டும் ஆடும்படி விடுங்கள். நசுக்கி வைத்தபோது காதில் விழுந்ததெல்லாம் இப்போது தனித்துத் தெரியாது. தெரியக் கூடாது.

ஆட்டோ ரிலீஸ் என்று ஒரு பட்டன் இருந்தால் பேச்சுக்குத் தயங்காமல் போடலாம். அமுக்கல் தொடங்கும் வளைவு (knee) ஸாஃப்டா ஹார்டா என்று கேட்டால் குரலுக்கு ஸாஃப்ட். த்ரெஷோல்ட்டைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்பே மெல்ல அமுக்கத் தொடங்கும், அதனால் கை வைத்தது தெரியாது. லுக்-அஹெட் இருந்தால், ரெக்கார்ட் ஆகும் நேரத்தில் அணைத்து வையுங்கள். வரப்போவதை முன்கூட்டியே பார்க்க அது சத்தத்தைத் தாமதப்படுத்தும், ஹெட்ஃபோனில் உங்கள் குரலே பின்னால் வந்து நாக்கைத் தடுக்கும்.

மேக்கப் கெயின், அதாவது காதை ஏமாற்றும் குமிழ்

சத்தம் கொஞ்சம் கூடினாலே நமக்கு நன்றாக இருப்பதாகத் தோன்றும். ஒரு டெசிபல் கூடினாலும் போதும், "ஆஹா, குரல் முன்னால் வந்துவிட்டது" என்போம். பல ப்ளக்-இன்களில் ஆட்டோ மேக்கப் தானாகவே போடப்பட்டு வரும், கம்ப்ரஸரைப் போட்டவுடன் சத்தம் கூடும், நாமும் அது நல்ல வேலை செய்கிறது என்று நம்பிவிடுவோம். அதை அணைத்துவிடுங்கள். பைபாஸ் பட்டனை அழுத்தி அழுத்தி, கம்ப்ரஸர் இருக்கும்போதும் இல்லாதபோதும் ஒரே சத்தமாகக் கேட்கும்படி மேக்கப்பை நீங்களே வையுங்கள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு பைபாஸைப் பலமுறை தட்டி, எது போடப்பட்டிருக்கிறது என்றே மறந்துபோன நிலையில் எது பிடிக்கிறது என்று பாருங்கள். சில சமயம் பைபாஸ்தான் ஜெயிக்கும். அப்படி ஜெயித்தால் கம்ப்ரஸரை எடுத்துவிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கூடவே எழுந்து வருபவை

மொத்தத்தையும் தூக்குகிறோம் என்று முன்னால் சொன்னேன். நம் உதாரணத்தில் அறையின் இரைச்சல் −60ல் இருந்தது என்றால், 6 டெசிபல் மேக்கப்புக்குப் பிறகு அது −54. ஆடியோ புத்தகங்களை வாங்கிக்கொள்ளும் ஏசிஎக்ஸ் தளம் இரைச்சல் −60க்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது, உச்சம் −3ஐத் தாண்டக் கூடாது, சராசரி ஆர்எம்எஸ் −23க்கும் −18க்கும் நடுவே இருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் சிக்கல் புரியும்: சராசரியை மேலே கொண்டுவர அமுக்கித் தூக்க வேண்டும், தூக்கினால் இரைச்சலும் ஏறும். அதனால் ஃபேனை நிறுத்துவது, ஜன்னலைச் சாத்துவது, கணினியைத் தள்ளி வைப்பது இதெல்லாம் கம்ப்ரஸர் வேலையின் பகுதிதான்.

இரைச்சலைக் குறைக்கும் கருவியோ, பேசாத இடங்களில் சத்தத்தை அடைத்துவிடும் நாய்ஸ் கேட் கருவியோ போடுவதாக இருந்தால் கம்ப்ரஸருக்கு முன்னால் போடுங்கள். பேச்சுக்கும் இரைச்சலுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கம்ப்ரஸர் குறைத்துவிடும். அதற்குப் பிறகு இரண்டையும் பிரிப்பது அந்தக் கருவிக்குக் கடினம்.

ஸ, ஷ, ச ஒலிகளும் கூர்மையாக எழும். "சிறிசு", "ஸ்வரம்" மாதிரிச் சொற்களில் 5 முதல் 8 கிலோ ஹெர்ட்ஸ் பக்கம் வரும் சீறலுக்கு ஆற்றல் குறைவு, அதனால் கம்ப்ரஸர் பிடிக்காமல் விட்டுவிடும், மேக்கப் அதைத் தூக்கிவிடும். டி-எஸ்ஸர் என்பது அந்த அலைவரிசையை மட்டும் கவனித்து அமுக்கும் கம்ப்ரஸர்தான். அதைக் கொஞ்சமாகப் போடுங்கள். அதிகமானால் பேசுபவருக்கு நாக்கு தடித்துவிட்டது போல ஆகும். மூச்சுகளை நான் கம்ப்ரஸர் போட்ட பிறகு ஒவ்வொன்றாகத் தேடி 6 டெசிபல் போல இறக்கிவிடுவேன், முழுசாக வெட்டமாட்டேன். மூச்சே விடாமல் பேசும் குரலைக் கேட்டால் கேட்பவருக்கு மூச்சு முட்டும்.

ஒரு வரியில் மட்டும் குரல் 10 டெசிபல் பாய்ந்திருக்கிறது என்றால் அதைக் கம்ப்ரஸர் தலையில் கட்டாதீர்கள். அந்த ஒரு வரியின் லெவலைக் கையாலேயே இறக்கிவிட்டு, மிச்சத்தைக் கம்ப்ரஸரிடம் கொடுங்கள். இரண்டு நிமிட வேலை, பலன் பெரிது.

தனிப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு

ஸ்டூடியோக்களில் அதிகம் பேசப்படும் இரண்டு கம்ப்ரஸர்களின் நகல்கள் இன்று மென்பொருளாகவும் கிடைக்கின்றன, எனவே பெட்டி இல்லாதவர்களும் படிக்கலாம். எல்ஏ-2ஏ என்பது 1960களில் வந்த ட்யூப் கருவி. உள்ளே ஒரு ஒளிரும் தகடும் அதைப் பார்க்கும் ஒளியுணர் மின்தடையும் இருக்கும். சத்தம் கூடினால் தகடு பிரகாசமாகும், மின்தடை மாறும், லெவல் இறங்கும். குமிழ்கள் முக்கியமாக இரண்டே, எவ்வளவு அமுக்குவது, எவ்வளவு தூக்குவது. அட்டாக் சுமார் 10 மில்லி செகண்ட், ரிலீஸ் முதல் பாதி வேகமாகவும் மிச்சம் சோம்பலாகவும் நடக்கும். குரலுக்குத் தொடங்குபவர் கையில் கொடுக்க இதைவிடப் பத்திரமான கருவி கிடையாது என்பேன், கெடுக்க நினைத்தாலும் சுலபத்தில் கெடுக்க முடியாது.

1967ல் வந்த 1176 வேறு ஜாதி. டிரான்ஸிஸ்டர் வகையைச் சேர்ந்தது, அட்டாக் 20 முதல் 800 மைக்ரோ செகண்ட், அதாவது அதன் மிக மெதுவான அட்டாக்கே ஒரு மில்லி செகண்டை எட்டாது. த்ரெஷோல்ட் குமிழே கிடையாது. இன்புட்டைக் கூட்டினால் அமுக்கல் கூடும். அட்டாக், ரிலீஸ் குமிழ்கள் தலைகீழ், வலப்பக்கம் திருகினால் வேகம் கூடும், இது தெரியாமல் திருகினால் எல்லாமே எதிராக நடக்கும்.

இரண்டையும் அடுத்தடுத்து வைப்பதும் வழக்கம். வேகமானது உச்சங்களை மட்டும் இரண்டு மூன்று டெசிபல் கிள்ளும், மெதுவானது அப்புறம் நிதானமாக இன்னும் இரண்டு மூன்று இறக்கும். ஒரே கம்ப்ரஸரை 6 டெசிபல் உழைக்க வைப்பதைவிட இப்படிப் பங்கு போட்டால் காதுக்குத் தெரிவது குறைவு.

பெட்டி வழியாக ரெக்கார்ட் செய்தே தீருவது என்றால், ரேஷியோ 2:1 அல்லது 3:1, உச்சங்களில் 2, 3 டெசிபலுக்கு மேல் போகாமல், அட்டாக் அவசரப்படாமல். முடிந்தால் மைக் சிக்னலை இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் பெட்டி வழியாகவும் இன்னொன்றை நேராகவும் இரண்டு ட்ராக்குகளில் பதியுங்கள். நேராக வந்ததை இன்னும் கொஞ்சம் தாழ்வான லெவலில் வைத்தால், எங்காவது க்ளிப் ஆனாலும் மாற்று கையில் இருக்கும். பாடுபவருக்கு ஹெட்ஃபோனில் கம்ப்ரஸரோடு கேட்பது பிடிக்கும், குரல் பின்னணியில் மூழ்காமல் நிற்கும், அதை ஹெட்ஃபோனுக்கு மட்டும் போட்டுக் கொடுங்கள், பதிவில் வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அமுக்கிய குரலையே கேட்டுக்கொண்டு பாடுபவர் மைக்கில் முன்னே பின்னே நகர மறந்துவிடுவார்.

நேரலையில் இருப்பவர்கள்

மேலே சொன்ன "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" எல்லாம் இவர்களுக்குப் பொருந்தாது, பிறகு என்பதே கிடையாது. ஓபிஎஸ் என்ற நேரலை மென்பொருளைப் பயன்படுத்தினால் மைக்கின் ஃபில்டர்களில் கம்ப்ரஸர் இருக்கும். அதில் வரும் தொடக்க அளவுகள் ரேஷியோ 10:1, த்ரெஷோல்ட் −18, அட்டாக் 6, ரிலீஸ் 60. அந்த 10:1 எனக்கு ரொம்ப அதிகம், 3:1 அல்லது 4:1க்கு இறக்கிவிட்டு அவுட்புட் கெயினால் சரிக்கட்டுங்கள். வரிசை முக்கியம்: முதலில் இரைச்சல் குறைப்பு, அடுத்து கம்ப்ரஸர், கடைசியில் லிமிட்டர். லிமிட்டர் என்பதும் கம்ப்ரஸர்தான், ரேஷியோ மிக உயர்ந்தது, "இதற்கு மேல் போகாதே" என்று கதவைச் சாத்துவது. அதை −1 அல்லது −2ல் வைத்துவிட்டால் திடீரென்று சிரித்தாலும் கேட்பவர் ஹெட்ஃபோனைக் கழற்றி எறிய மாட்டார்.

குரல் தவிர மற்றவை

பேஸ் கிட்டாருக்கு 4:1, அட்டாக் 20 முதல் 40, ரிலீஸ் 100க்குக் குறையாமல். ஒவ்வொரு நரம்பும் வேறு வேறு சத்தத்தில் வருவதால் இதற்குக் கம்ப்ரஸர் குரலைவிட அவசியம். அக்கூஸ்டிக் கிட்டாருக்கு 2:1ல் கொஞ்சம், விரல் படும் சத்தம் மழுங்காதபடி அட்டாக்கைத் தளர்த்தி. தாள வாத்தியங்களுக்கு அட்டாக் 10க்கு மேல் வைத்தால் அடி கூர்மையாகும், 1க்குக் கீழே போனால் அடி அமுங்கி அதிர்வு முன்னால் வரும். எது வேண்டும் என்பது பாட்டைப் பொறுத்தது. இரண்டு மைக்கில் ஸ்டீரியோவாகப் பதிந்ததை அமுக்கும்போது இடம் வலம் இரண்டையும் இணைக்கும் லிங்க் பட்டனைப் போட மறக்காதீர்கள். மறந்தால் ஒரு பக்கம் மட்டும் இறங்கி, வாத்தியம் அறைக்குள் நடக்க ஆரம்பித்துவிடும். பியானோ தனியாக வாசிக்கப்பட்டால் நான் கையே வைப்பதில்லை.

ரெக்கார்டிங் முடிந்தபின் வரிசை

ஹை-பாஸ் ஃபில்டர், இரைச்சல் குறைப்பு, தேவையில்லாத அலைவரிசைகளைக் குறைக்கும் ஈக்யூ, கம்ப்ரஸர், டி-எஸ்ஸர், அழகுக்காகக் கூட்டும் ஈக்யூ, கடைசியில் லிமிட்டர். இது வேதமில்லை, ஆனால் காரணமில்லாமல் மாற்ற வேண்டாம். செலவில்லாமல் தொடங்க ஆடாசிட்டி போதும், 3.6 பதிப்பிலிருந்து அதன் கம்ப்ரஸரும் லிமிட்டரும் ஓடவிட்டுக்கொண்டே திருகும்படி மாறியிருக்கின்றன, அட்டாக் பயிற்சிக்கு அது ரொம்ப உதவும்.

முடிந்ததும் லவுட்னெஸ் அளவை, அதாவது மொத்தத்தில் காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை, பாருங்கள், அதன் அலகு எல்யுஎஃப்எஸ். பாட்காஸ்ட்டுகளுக்கு ஆப்பிள் சொல்வது −16 எல்யுஎஃப்எஸ் பக்கம், உச்சம் −1ஐத் தாண்டாமல். ஸ்பாட்டிஃபை பாடல்களை −14க்குச் சமன்படுத்துகிறது. அதாவது நீங்கள் நசுக்கி நசுக்கி −8க்குக் கொண்டுபோனாலும் அங்கே அதை இறக்கித்தான் ஒலிக்கவிடுவார்கள், நசுங்கியதுதான் மிச்சம். −16 வரவில்லை என்றால் கம்ப்ரஸரை இன்னும் முறுக்குவதற்கு முன்னால் மொத்த லெவலைக் கூட்டி, லிமிட்டர் எவ்வளவு பிடிக்கிறது என்று பாருங்கள். 3 டெசிபலுக்குள் பிடித்தால் அதோடு விடலாம். 8, 10 என்று பிடித்தால் ரெக்கார்டிங்கில் ஏதோ ஒரு வரி தனியாகத் துருத்திக்கொண்டிருக்கிறது, திரும்பிப் போய் அதைக் கையால் இறக்குங்கள். அமுக்காத மூல ஃபைலை வேறு பெயரில் வேறு ஃபோல்டரில் எடுத்து வைத்துவிட்டு ஏற்றுமதி செய்யுங்கள்.